பிரிட்ஜ் பிக்கப்பும் நெக் பிக்கப்பும் ஜோடி சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி வட்டாரத்தில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று மேடைகள்: ஞாயிறு ஆராதனை, கோவில் கொடை விழா, கல்யாண மெல்லிசைக் கச்சேரி. மூன்றிலும் ஒரே ஆள்தான் ரிதமும் அடிக்க வேண்டும், இடையிசையில் லீடும் எடுக்க வேண்டும். பிக்கப்பை மாற்றும் செலக்டர் சுவிட்சைத் தள்ளிய நொடியில் சத்தம் விழுந்துவிட்டால் பாட்டு முடியும்வரை அதைச் சரிசெய்ய வழியில்லை. கம்பியின் அசைவை மின் சிக்னலாக மாற்றும், காந்தமும் காயிலும் (செம்புக் கம்பிச் சுருள்) சேர்ந்த பாகம்தான் பிக்கப்; கம்பி கட்டப்படும் பிரிட்ஜ் பக்கம் இருப்பது பிரிட்ஜ் பிக்கப், விரல்பலகை முடியும் இடத்தில் இருப்பது நெக் பிக்கப். பிக்கப் ஜோடி பற்றி இந்த வட்டாரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஜோடிப் பொருத்தம் என்றால் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரே பிக்கப்பில் இரண்டு வாங்கி இரண்டு இடத்திலும் போட்டால் நெக் சத்தமாகவும் கனமாகவும், பிரிட்ஜ் மெலிந்தும் கேட்கும். பொருத்தத்தை மூன்று விஷயங்களில் பாருங்கள். சுவிட்சை மாற்றும்போது மிக்ஸரில் இருப்பவர் ஃபேடரைத் தொடத் தேவையில்லாத அளவுக்குச் சத்தம் சமமாக இருக்க வேண்டும். ஆம்பில் பாஸ், ட்ரெபிள் குமிழ்களை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே இரண்டையும் வாசிக்க முடிய வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் நடு நிலை, மேடையில் பயன்படும்படி இருக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் சோதிப்பதே இல்லை. ஆராதனைப் பாடல்களின் கிளீன் ரிதத்துக்கு மிக அழகான ஒலி பல கிட்டார்களில் அந்த நடு நிலையில்தான் கிடைக்கிறது.

ஒரே கம்பியைத்தானே இரண்டும் கேட்கின்றன? பிரிட்ஜ் மட்டும் ஏன் மெலிகிறது?

கம்பி பிரிட்ஜில் கட்டுண்டு கிடக்கிறது. அந்த இடத்தை நெருங்க நெருங்க அதன் அசைவு சுருங்கும். 648 மி.மீ. ஸ்கேல் உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் நெக் பிக்கப் பிரிட்ஜிலிருந்து சுமார் 162 மி.மீ. தள்ளி இருக்கிறது, பிரிட்ஜ் பிக்கப் நடுவில் அளந்தால் சுமார் 41 மி.மீ. திறந்த கம்பியின் அடிப்படைச் சுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், முதல் இடத்தில் அசைவு இரண்டாவது இடத்தைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு. மேல் சுரங்கள் பிரிட்ஜ் பக்கம் நன்றாகவே கிடைப்பதால் காதுக்கு வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஆனால் பாஸ் குறைவது நிச்சயம். அதை ஈடுகட்டத்தான் பிரிட்ஜ் பிக்கப்பில் சுற்று அதிகம், அல்லது காந்தம் வலுவானது, அல்லது அதைக் கம்பிக்கு அருகில் ஏற்றி வைப்பது.

பழைய காலத்தில் இந்தக் கவனம் தொழிற்சாலையிலேயே இல்லை. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்பும் ஒரே வகை. 1957-இல் கிப்சன் கிட்டார்களில் ஏறிய ஹம்பக்கர்களிலும் (இரைச்சலை அடக்க இரண்டு காயில் சேர்த்த பிக்கப்) நெக், பிரிட்ஜ் என்ற பிரிவு கிடையாது; சுற்று எண்ணிக்கை துல்லியமாக இல்லாததால் கைக்கு வந்ததை வந்த இடத்தில் போட்டார்கள். இன்று பாராட்டப்படும் பழைய கிட்டார்கள் சிலவற்றில் ஜோடி தற்செயலாக அமைந்தது.

புது பிக்கப் வாங்குமுன் செய்து பார்க்க வேண்டியது ஏதும் உண்டா?

உயரத்தைச் சரிசெய்யுங்கள். "ஜோடி சரியில்லை" என்று வருகிற கிட்டார்களில் நிறைய, ஒரு ஸ்குரூ டிரைவரோடு முடிந்துவிடுகின்றன. செலவில்லாத வேலை என்பதாலேயே யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை.

அரை மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் போதும். கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்திலிருந்து போல் (பிக்கப்பில் கம்பிக்கு நேர் கீழே இருக்கும் உலோகத் துண்டு) முனை வரை அளக்க வேண்டும். தொடக்க அளவாக இவற்றை வைத்துக்கொள்ளலாம்: ஹம்பக்கர் என்றால் பிரிட்ஜில் மெல்லிய கம்பிப் பக்கம் 1.6, தடித்த பக்கம் 2 மி.மீ.; நெக்கில் 2, 2.5 மி.மீ. சிங்கிள் காயில் (ஒற்றைக் காயில் பிக்கப்) என்றால் பிரிட்ஜில் 2, 2.4 மி.மீ.; நெக்கில் 2.4, 3 மி.மீ.

வரிசை முக்கியம். முதலில் நெக் பிக்கப்பை இறக்கி, கிளீன் ஒலியில் ஆறாம் கம்பி குழம்பாமல் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு அதற்குச் சமமாகும்வரை பிரிட்ஜை ஏற்றுங்கள். பிரிட்ஜை முதலில் வைத்துவிட்டு நெக்கை அதற்குத் தகுந்தபடி ஏற்றப்போனால் இரண்டும் மேலேறிப் போய் நிற்கும். சோதிக்கும்போது கம்ப்ரஸர், டிஸ்டார்ஷன் எதுவும் ஓடக் கூடாது. அவை வித்தியாசத்தை மறைத்துவிடும். ஒரே கார்டை ஒரே விசையில் இரண்டு நிலையிலும் அடித்து, கைபேசியில் பதிவு செய்து அலையின் உயரத்தைப் பாருங்கள். முதல் கம்பியையும் ஆறாம் கம்பியையும் தனித்தனியே ஒப்பிடுவது இன்னும் நல்லது, ஏனென்றால் சமமின்மை பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும்.

ரொம்ப அருகில் வைப்பதால் கெடுவது என்ன? ஸ்ட்ராட் வகைச் சிங்கிள் காயிலில் போல்களே காந்தம். நெக் பிக்கப் 2 மி.மீ.க்குக் கீழே நெருங்கினால் காந்தம் கம்பியை இழுக்கும். ஆறாம் கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் சுருதி நடுங்கும். ட்யூனரின் முள் நிற்காது. அதை இன்டொனேஷன் (ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி பொருந்துவது) கோளாறு என்று நினைத்து, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. சேடிலில் கை வைக்குமுன் பிக்கப்பை இரண்டு சுற்று இறக்கிப் பாருங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் கிலோ ஓம் எண்ணைப் பார்த்து ஜோடி சேர்க்கலாமா?

ஒரே தயாரிப்பாளரின் ஒரே வகைக்குள் ஒப்பிட அது உதவும். வகை மாறினால் ஏமாற்றும். அந்த எண் காயிலில் சுற்றிய செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமே. கம்பி மெல்லியதானால் சுற்று அதே இருந்தாலும் எண் ஏறும். டெலிகாஸ்டர் நல்ல உதாரணம்: நெக் பிக்கப்பில் 43 கேஜ் கம்பி, பிரிட்ஜில் சற்றுத் தடித்த 42 கேஜ். அதனால் நெக் 7.5 கிலோ ஓமும் பிரிட்ஜ் 7 கிலோ ஓமும் காட்டலாம். எண்ணை நம்பினால் நெக்தான் வலுவானது. வாசித்தால் பிரிட்ஜ்தான் பாய்ந்து வரும்.

சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜே.பி. பிரிட்ஜ் ஹம்பக்கர் சுமார் 16.4 கிலோ ஓம். அதோடு பலரும் சேர்க்கும் 59 நெக் சுமார் 7.4. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் தெரிந்தாலும் சத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடுவதில்லை. பல ஆண்டுகளாக நின்று நிலைத்த ஜோடி அது. தயாரிப்பாளர் ஹென்ரி கணக்கில் இன்டக்டன்ஸ் எண் கொடுத்திருந்தால் அதையே பாருங்கள். ஓமைவிட அது உண்மைக்கு நெருக்கமானது.

நம் ஊரில் அளப்பவர்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், சித்திரை மாத மதியத்தில் 38 டிகிரி அறையில் 8.5-ஐத் தாண்டும். "போலி அனுப்பிவிட்டார்கள்" என்று முடிவு கட்டுமுன் காலையில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

கிட்டாரைத் திறக்காமல் அளக்க முடியுமா?

முடியும். கேபிளைச் செருகி, வால்யூம், டோன் இரண்டையும் முழுதாகத் திறந்து, மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, கேபிளின் மறுமுனையில் பின்னின் நுனியையும் உடலையும் தொடுங்கள். வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) பக்க இணைப்பில் இருப்பதால் எண் சற்றுக் குறைவாக வரும்: 500 கிலோ ஓம் பாட்டுடன் 8 கிலோ ஓம் பிக்கப் சுமார் 7.9 காட்டும். 20 கிலோ ஓமில் எண்ணே வராமல், மீட்டரை மேல் அளவுக்கு மாற்றியதும் 250, 500 என்று நூற்றுக்கணக்கில் காட்டினால் பிக்கப் அறுந்திருக்கிறது அல்லது வயர் விட்டிருக்கிறது. மீட்டர் வெறும் பாட்டை அளக்கிறது. பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

என் கிட்டாருக்கு எந்த ஜோடி?

முதலில் நெக்கைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அதற்கு ஏற்ற பிரிட்ஜை. கடையிலும் வீடியோவிலும் டிஸ்டார்ஷன் போட்டு பிரிட்ஜைத்தான் காட்டுவார்கள். ஆனால் இங்குள்ள மேடைகளில் பாதி நேரத்துக்கு மேல் கிளீன் ஒலிதான் ஓடுகிறது. பாடகருக்குப் பின்னால் நிற்கிற நேரமெல்லாம் நெக்கும் நடு நிலையும்தான் வேலை செய்யும்.

*இரண்டு ஹம்பக்கர் உள்ள கிட்டார்:* நெக்கில் 7.2 முதல் 7.8 கிலோ ஓம், அல்னிகோ 5 காந்தம். பிரிட்ஜில் 8.2 முதல் 9 கிலோ ஓம், அல்னிகோ 5. எல்லா வகைப் பாட்டுக்கும் இதுவே பத்திரமான ஜோடி. நெக்கில் 10-க்கு மேல் போடாதீர்கள். மெஞ்ஞானபுரம் போன்ற உயரமான கூரையுள்ள பழைய கல் தேவாலயங்களிலும், பெரிய கல்யாண மண்டபங்களிலும் எதிரொலி நீளம். அங்கே கனமான நெக் ஹம்பக்கர், கீபோர்டின் இடது கையோடும் பேஸ் கிட்டாரோடும் மோதிக் கூழாகிவிடும். அல்னிகோ 2 நெக்கில் இனிமையாக இருக்கும், ஆனால் பாஸ் தளர்வாக வரும். சிறிய அறைக்கு நல்லது, பெரிய ஆலயத்துக்கு அல்னிகோ 5-தான் தெளிவு. கனமான ராக் வாசிப்பவர்கள் பிரிட்ஜில் செராமிக் காந்தமோ 13 முதல் 16 கிலோ ஓம் வகையோ போடலாம். அப்போது நெக்கை 7.5-லேயே விட்டுவிட்டு, பிரிட்ஜைச் சற்றே இறக்கிச் சமன் செய்யுங்கள். மெலிந்த பிரிட்ஜை ஏற்றுவதைவிட வலுத்த பிரிட்ஜை இறக்குவது சுலபம்.

*மூன்று சிங்கிள் காயில்:* நெக் 5.7 முதல் 6, நடு 6, பிரிட்ஜ் 6.4 முதல் 7 கிலோ ஓம். தனித்தனியாக வாங்காமல் சமன் செய்யப்பட்ட செட்டாக வாங்குவதே லாபம். பிரிட்ஜ் காதைக் குத்தினால் பிக்கப்பைக் குற்றம் சொல்லுமுன் வயரிங்கைப் பாருங்கள்: பழைய பாணி ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது. சுவிட்சில் நடு பிக்கப்பின் டோன் முனையையும் பிரிட்ஜின் டோன் முனையையும் ஒரு சிறு வயரால் இணைத்தால் இரண்டாவது டோன் குமிழ் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும்.

*பிரிட்ஜில் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில்:* யமஹா பசிஃபிகா 112 போன்ற இந்த அமைப்புதான் மெல்லிசைக் குழுக்களுக்கு மிகவும் தோதானது. தவறும் இங்கேதான் அதிகம் நடக்கிறது. 16 கிலோ ஓம் ஹம்பக்கரை ஆசைப்பட்டுப் போட்டால் 6 கிலோ ஓம் நெக் சிங்கிள் காயில் பக்கத்தில் நிற்க முடியாது. சுவிட்சைத் தள்ளினால் லீடு மூன்று அடி பின்னால் போனதுபோல் கேட்கும். 8 முதல் 9 கிலோ ஓம் அல்னிகோ ஹம்பக்கரும், சற்று அதிகம் சுற்றிய 6.3 அளவு நெக்கும் ஒத்துப்போகும். காயில் ஸ்பிளிட் (ஹம்பக்கரில் ஒரு காயிலை மட்டும் ஒலிக்கவிடுவது) வேண்டும் என்பவர்கள் மட்டும் பிரிட்ஜில் 10 முதல் 12 வரை போகலாம். ஏனென்றால் 8 கிலோ ஓம் ஹம்பக்கரைப் பாதியாக்கினால் 4-தான் மிஞ்சும், அது சோனியாக ஒலிக்கும்.

*டெலிகாஸ்டர்:* செட்டாக வாங்குங்கள். நெக்கில் மட்டும் ஹம்பக்கர் போட விரும்பினால் 7.5-க்கு மேல் வேண்டாம், கம்பியிலிருந்து 3 மி.மீ. இறக்கி வையுங்கள்.

*24 ஃப்ரெட் கிட்டார்:* நீண்ட விரல்பலகைக்காக நெக் பிக்கப் பிரிட்ஜ் பக்கம் தள்ளப்பட்டிருக்கும். ஒலி இயல்பாகவே கொஞ்சம் கூர்மை. இங்கே நெக்கில் 8 முதல் 8.5 வரை போனாலும் குழம்பாது.

பிரிட்ஜுக்கு என்று விற்கும் ஹம்பக்கரை நெக்கில் போட்டால் என்ன?

வேலை செய்யும், ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று கனம். மற்றது போல் இடைவெளி. கம்பிகள் பிரிட்ஜில் விரிந்தும் நெக் பக்கம் நெருங்கியும் ஓடும். முதல் போலின் நடுவிலிருந்து ஆறாம் போலின் நடு வரை அளந்தால் நெக் ஹம்பக்கர் பொதுவாக 49 முதல் 50 மி.மீ.; ஃபெண்டர் வகை அல்லது ட்ரெமலோ பிரிட்ஜுக்கானது 51 முதல் 53. ஒரு மி.மீ. விலகல் கேட்காது. மூன்று மி.மீ. விலகினால் முதல் கம்பி போலுக்கு வெளியே போய், பெண்ட் செய்யும்போது சத்தம் மங்கும். வாங்குமுன் உங்கள் கிட்டாரில் பிக்கப் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே கம்பியிலிருந்து கம்பிக்கு அளந்துகொள்ளுங்கள். ஹம்பக்கரின் கால் நீளத்தையும் பாருங்கள்: நீண்ட கால் உள்ளது ஆழம் குறைந்த குழியில் தட்டி நின்றுவிடும், அப்புறம் உயரத்தை இறக்கவே முடியாது.

வால்யூம் பாட் 250-ஆ, 500-ஆ?

சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. டோனுக்கு முறையே 0.047, 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இரண்டு வகையும் கலந்த கிட்டாரில் 500 பாட்டையே போட்டு, ஒவ்வொரு சிங்கிள் காயிலின் ஹாட் வயர் (சிக்னல் வரும் வயர்) சுவிட்சில் சேரும் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். 500-ம் 470-ம் பக்க இணைப்பில் 242 ஆகிவிடும். சிங்கிள் காயிலின் கூர்மை அடங்கும், ஹம்பக்கர் மங்காது. டிவி ரிப்பேர்க் கடையில் அந்த ரெசிஸ்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இந்தப் பக்கத்திலேயே செலவுக்குப் பலன் அதிகம் தருவது இதுதான்.

தனித்தனியே இரண்டும் நன்றாக இருக்கின்றன. நடு நிலையில் மட்டும் சத்தம் சுருங்கி மூக்கால் பாடுவதுபோல் வருகிறது. ஏன்?

இரண்டு பிக்கப்பும் எதிர்க் கட்டத்தில் இருக்கின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. வேறு வேறு தயாரிப்புகளைக் கலக்கும்போது இது வரும்.

பொருத்துவதற்கு முன்பே சோதிக்கலாம். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, சிவப்பு முனையை ஹாட் வயரிலும் கறுப்பை கிரவுண்டிலும் பிடியுங்கள். ஒரு ஸ்குரூ டிரைவரின் தண்டைப் போல்களின் மேல் படுக்க வைத்து, சட்டென்று மேலே இழுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். அடுத்த பிக்கப்பிலும் அதே திசையில் நகர வேண்டும். முள் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

திசை மாறினால் ஒரு பிக்கப்பின் ஹாட், கிரவுண்டு இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் போதும். இதில் ஒரு கவனம்: டெலி நெக் பிக்கப்பின் உலோக மூடி கிரவுண்டு வயரோடு ஒரு சிறு துண்டால் இணைக்கப்பட்டிருக்கும். அதை வெட்டி, மூடிக்குத் தனி கிரவுண்டு வயர் கொடுத்த பிறகே இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூடியே ஹாட் ஆகி, விரல் பட்டாலே உறுமும். பின்னல் கவசத்துக்குள் ஒற்றை வயர் வரும் பழைய பாணி ஹம்பக்கரில் இப்படி மாற்றவே கூடாது. நான்கு வயர் உள்ள மற்ற பிக்கப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்கு வயர் ஹம்பக்கர்களில் நிறங்கள் ஒன்றுதானே?

இல்லை. சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட். சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்ந்து தனியே ஒட்டப்படும். பச்சையும் உறையில்லாத வயரும் கிரவுண்டு. டிமார்சியோவில் சிவப்பு ஹாட்; கறுப்பும் வெள்ளையும் ஒன்று சேரும்; பச்சையும் உறையில்லாத வயரும் கிரவுண்டு. ஒன்றின் படத்தை வைத்து மற்றதைப் பற்றவைத்தால் ஒரு காயில் மட்டும் ஒலிக்கும், அல்லது இரண்டு காயிலும் ஒன்றையொன்று எதிர்த்துச் சத்தம் மெலிந்துவிடும். பெயர் தெரியாத பிக்கப் என்றால் எந்த இரண்டு வயருக்கு இடையே ஓம் காட்டுகிறது என்று பார்த்து இரண்டு காயிலையும் பிரித்தெடுத்த பிறகு, மேலே சொன்ன ஸ்குரூ டிரைவர் சோதனையை ஒவ்வொரு காயிலுக்கும் செய்யுங்கள்.

கொடை மேடையில் சீரியல் செட் எரிந்தாலே கிட்டார் இரைகிறது. ஜோடி மாற்றினால் நிற்குமா?

ஓரளவு. சிங்கிள் காயில் சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலை அப்படியே பிடிக்கும். இரண்டு சிங்கிள் காயிலில் ஒன்று எதிர்த் திசையில் சுற்றி, எதிர்க் காந்த முனையோடு இருந்தால், சேர்ந்து ஒலிக்கும் நிலையில் இரைச்சல் அடங்கும். உங்கள் ஜோடி அப்படியா என்று அறிய ஒரு திசைகாட்டி போதும்: இரண்டு பிக்கப்பும் முள்ளின் ஒரே முனையை இழுத்தால் அந்த வசதி இல்லை. அடியில் செராமிக் பட்டை ஒட்டிய விலை குறைந்த பிக்கப் என்றால் பட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டு, வயரையும் இடம் மாற்றலாம். போல்களே காந்தமான வகையில் இதைச் செய்யாதீர்கள். காயில் காந்தத்தை ஒட்டியே சுற்றப்பட்டிருக்கும், போலைத் தள்ளினால் கம்பி அறுந்துவிடும்.

டிம்மர் விளக்கு, ஜெனரேட்டர், எல்.இ.டி. பல்பு கலந்த மேடைக்கு அடிக்கடி போகிறவர்கள் ஹம்பக்கருக்கோ, சிங்கிள் காயில் அளவிலேயே வரும் இரட்டைக் காயில் பிக்கப்புக்கோ மாறுவது நிரந்தரத் தீர்வு. குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி எல்லாத் துண்டுகளும் கிரவுண்டோடு தொடர்பில் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்வதும் பலன் தரும்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு. கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறதா? அது பிக்கப் கோளாறே அல்ல, உயிர் ஆபத்து. வாசிக்குமுன் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, கம்பிக்கும் மைக்கின் உலோக வலைக்கும் இடையே அளந்து பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மைக் செட்காரர் எர்த்தைச் சரிசெய்யும்வரை கிட்டாரைத் தொட வேண்டாம்.

ஆம்ப் இல்லை, நேரே மிக்ஸரில்தான் செருகுகிறோம். நல்ல ஜோடி போட்டும் ஒலி மந்தமாக இருக்கிறதே?

பணம் வீணாகும் இடம் இது. மைக் செட் வட்டாரத்தில் பி-38 என்று சொல்லும் 6.35 மி.மீ. பின்னை லைன் உள்ளீட்டில் செருகினால், அந்த உள்ளீட்டின் மின்தடை பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ ஓம்தான். பேட்டரி இல்லாத பாசிவ் பிக்கப்புக்குக் குறைந்தது 500 கிலோ ஓமாவது வேண்டும். 1 மெகா ஓம் சரியானது. இல்லாவிட்டால் மேல் சுரங்கள் அடியோடு போகும். வலுவான பிரிட்ஜும் மென்மையான நெக்கும் ஒரே மாதிரி போர்வைக்குள் இருந்து ஒலிக்கும். ஒரு ஆக்டிவ் டி.ஐ. பெட்டி (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது), அல்லது பஃபர் உள்ள ஏதேனும் ஒரு பெடல், அல்லது மிக்ஸரில் கிட்டாருக்கென்று உள்ள ஹை-இசட் பொத்தான் இருந்தால் போதும். கிட்டாரிலிருந்து பெடல் வரை கேபிள் 5, 6 மீட்டருக்குள் இருக்கட்டும். இதைச் செய்து கேட்ட பிறகே பிக்கப் வாங்குவது பற்றி யோசியுங்கள்.

பிரிட்ஜில் ஆக்டிவ், நெக்கில் பாசிவ் வைக்கலாமா?

வேண்டாம். ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் பாட், பாசிவ்வுக்கு 250 அல்லது 500. ஒரே பாட்டில் இரண்டும் ஒத்துப்போகாது. நடு நிலையில் ஆக்டிவ் பாசிவ்வை விழுங்கிவிடும். ஆக்டிவ் வேண்டுமென்றால் இரண்டையும் ஆக்டிவ்வாகப் போடுங்கள். இ.எம்.ஜி.யின் 81 பிரிட்ஜில், 85 நெக்கில் என்பது பழகிய ஜோடி. 9 வோல்ட் பேட்டரி வைக்க இடம் பாருங்கள். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றாவிட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு பிக்கப் மட்டும் அறுந்துவிட்டது. இங்கேயே காயில் கட்டித் தருவார்களா?

மோட்டார், மின்விசிறிக்குக் காயில் கட்டும் கடைகளில் கைத்திறன் இருக்கிறது, ஆனால் கம்பி வேறு. அங்கே போய் "42 கேஜ்" என்று கேட்டால் எஸ்.டபிள்யூ.ஜி. (பிரிட்டிஷ்) கணக்கில் 0.102 மி.மீ. கம்பி தருவார்கள். பிக்கப்பில் சொல்லும் 42 என்பது ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க) கணக்கு, அது 0.063 மி.மீ. இங்கே கிடைக்கும் எண்ணில் அதற்கு நெருக்கமானது எஸ்.டபிள்யூ.ஜி. 46. எண்ணைச் சொல்லாமல் மி.மீ. அளவைச் சொல்லிக் கேளுங்கள். தலைமுடி அளவே உள்ள கம்பி என்பதால் வழக்கமான இழுவிசையில் பொட்டென்று அறுந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். சிங்கிள் காயிலுக்கு ஏறத்தாழ 8,000 சுற்று, பழைய பாணி ஹம்பக்கரில் ஒவ்வொரு காயிலுக்கும் சுமார் 5,000. பிரிட்ஜை மட்டும் கட்டுவதானால் நெக்கைவிட 5 முதல் 10 சதவீதம் சுற்று கூட்டச் சொல்லுங்கள். அதுவே உங்கள் ஜோடியைச் சமன் செய்துவிடும்.

உவரி, மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கம் பிக்கப் சீக்கிரம் போவது ஏன்?

உப்புக் காற்று. அல்னிகோ போல்களில் இரும்பு இருக்கிறது, துருப் பிடிக்கும். துரு உள்ளே இறங்கி, காந்தத்தை ஒட்டியுள்ள முதல் சுற்றையே தின்று அறுத்துவிடும். அறிகுறி: சத்தம் திடீரென மெலிந்து, பாஸ் காணாமல் போய், விட்டுவிட்டு வரும். கடலோரத்தில் வாசிப்பவர்களுக்கு மூடி போட்ட ஹம்பக்கரும், மேலே பிளாஸ்டிக் மூடியுள்ள சிங்கிள் காயிலும் நீடித்து உழைக்கும். வாசித்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போடுங்கள். போலில் எண்ணெய் தடவாதீர்கள். அது காயிலுக்குள் இறங்கும்.

பொருத்தும்போது எங்கே தவறு நடக்கிறது?

பழைய வயரிங்கை நான்கு கோணத்தில் படம் எடுக்காமல் வெட்டுவதில் தொடங்குகிறது. எலக்ட்ரிக் கடை அண்ணாச்சியிடம் 60/40 ரெசின் ஈயம் என்று கேட்டு வாங்குங்கள். தகர வேலைக்கான அமிலப் பேஸ்ட் பாட்டை அரித்துவிடும். பாட்டின் முதுகில் பற்றவைக்க 40 வாட் அயனும் பட்டையான முனையும் வேண்டும். முதுகை உப்புத்தாளால் தேய்த்து, மூன்று நான்கு நொடிக்குள் முடியுங்கள். 15 வாட் அயனை நிமிடக்கணக்கில் வைத்தால் ஈயம் ஒட்டாது, பாட்டின் உட்பகுதிதான் வேகும். பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்டு வயரை மறக்காதீர்கள் (இ.எம்.ஜி. போன்ற ஆக்டிவ் பிக்கப் போட்டால் மட்டும் அதைக் கழற்றச் சொல்வார்கள்). மூடியைத் திருகுமுன் ஆம்பில் செருகி, ஒவ்வொரு நிலையிலும் ஸ்குரூ டிரைவரால் போலைத் தட்டிப் பாருங்கள்: நெக் நிலையில் நெக்கைத் தட்டினால் பலமாகவும் பிரிட்ஜைத் தட்டினால் மிக லேசாகவும் கேட்க வேண்டும். நடு நிலையில் இரண்டும் கேட்க வேண்டும். புதுக் கம்பி போட்டு, சுருதி சேர்த்து, ஒரு நாள் கழித்து உயரத்தை மறுபடி அளந்து சரிசெய்யுங்கள்.